மொக்கைதான், ஆனா நிறுத்த முடியல: கல்லூரி ஸ்லாஷர் படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு அமெரிக்கக் கல்லூரி. லீவு விட்டாச்சு. ஊருக்குப் போகாத ஆறேழு பேர் மட்டும் ஹாஸ்டலில் இருக்காங்க. யாரோ ஒருத்தன் கத்தியோட சுத்துறான். "யாருப்பா அது, விளையாடாதே" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் இருட்டு அறைக்குள் போவார், திரும்பி வரமாட்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவாள். மாணவர்களாக வருபவர்களில் பாதிப் பேருக்கு முப்பது வயது இருக்கும். ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கும். பாதிப் படம் இருட்டில் ஒன்றும் தெரியாது.

இந்த வகைப் படங்களை நான் நிறையவே பார்த்திருக்கேன். நல்ல படமா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அப்புறம் ஏன் பார்க்கிறோம்? "மொக்கையைப் பார்த்துச் சிரிக்கத்தான்" என்பது வழக்கமான பதில். அது பாதி பதில்தான். மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு படங்களுக்குப் பிறந்த பிள்ளை

1978இல் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்'. சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 7 கோடி டாலர் அளவுக்கு வசூல் பண்ணியது. இன்னொன்று ஜான் லேண்டிஸின் 'அனிமல் ஹவுஸ்'. கல்லூரி ஃப்ரெட்டர்னிட்டி ஒன்றின் அட்டகாசம்தான் முழுப்படமும். அதுவும் பெரிய ஹிட். 1980இல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' சுமார் ஐந்தரை லட்சம் டாலரில் தயாராகி அமெரிக்காவில் மட்டும் 4 கோடியை நெருங்கியதும் சின்னத் தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. ஒரு படத்தின் கத்தியையும் இன்னொரு படத்தின் காலேஜையும் சேர்த்தால் போதும்.

அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் வந்தவை: 'ஃபைனல் எக்ஸாம்' (1981), 'ஹெல் நைட்' (1981), 'தி டார்ம் தட் ட்ரிப்ட் பிளட்' (1982), ஸ்பெயின்காரர்கள் எடுத்த 'பீசஸ்' (1982), 'தி ஹவுஸ் ஆன் சொராரிட்டி ரோ' (1983), 'ஸ்ப்ளாட்டர் யூனிவர்சிட்டி' (1984). இத்தனைக்கும் மூத்த அக்கா ஒருத்தி உண்டு: கனடாவில் பாப் கிளார்க் எடுத்த 'பிளாக் கிறிஸ்மஸ்' (1974). 'ஹாலோவீனு'க்கு நாலு வருஷம் முன்பே வந்த படம்.

தெரியாதவர்களுக்கு: ஃப்ரெட்டர்னிட்டி என்பது மாணவர்கள் சங்கம், சொராரிட்டி என்பது மாணவிகள் சங்கம். உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே வீட்டில் தங்குவார்கள். புதிதாகச் சேர வருபவர்களைப் படுத்தி எடுக்கும் சடங்குக்கு ஹேசிங் என்று பெயர். நம்ம ஊர் ராகிங்குக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் கல்லூரி?

முதல் காரணம் காசு. லீவு நாளில் கல்லூரிக் கட்டடம் சும்மா கிடக்கும். வராண்டா, மாடிப்படி, சமையலறை, கொதிகலன் அறை என்று செட் போடாமலே எல்லாம் தயார். நடிக்க மாணவர்கள் கிடைப்பார்கள். கூட்டம் காட்ட வேண்டாம், ஏனென்றால் கதைப்படியே எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 'தி டார்ம் தட் ட்ரிப்ட் பிளட்'. ஜெஃப்ரி ஒப்ரோ, ஸ்டீபன் கார்ப்பென்டர் என்ற இருவர் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது அந்த வளாகத்திலேயே எடுத்தார்கள். மூடப்போகும் ஒரு ஹாஸ்டலைக் கிறிஸ்மஸ் லீவில் ஐந்து மாணவர்கள் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான் கதை. இசையமைத்த கிறிஸ்டோபர் யங்குக்கு அதுதான் முதல் படம். பின்னால் 'ஹெல்ரெய்சர்', 'ஸ்பைடர்-மேன் 3' வரைக்கும் போனார். 'ஹெல் நைட்'டில் எடுபிடி வேலை பார்த்த பையன் ஃபிராங்க் டாராபான்ட், 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ'னை இயக்கியவர். 'ஹவுஸ் ஆன் சொராரிட்டி ரோ'வை எழுதி இயக்கிய மார்க் ராஸ்மன் பிற்பாடு ஹிலாரி டஃப் நடித்த 'எ சிண்ட்ரெல்லா ஸ்டோரி' எடுத்தார்! கத்தியில் ஆரம்பித்துக் கண்ணாடிச் செருப்பில் முடித்த மனுஷன்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். காசில்லாததால் காலியான கட்டடத்தில் எடுத்தார்கள். ஆனால் அந்தக் காலிதான் படத்தின் பயமே. ஆயிரம் பேர் நடந்த வராண்டாவில் ஒரு ட்யூப்லைட் மட்டும் எரியும்போது வரும் சங்கடத்தை, லீவில் ஹாஸ்டலில் தங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய பட்ஜெட் இருந்திருந்தால் அங்கே நூறு துணை நடிகர்களை நிறுத்தியிருப்பார்கள். பயம் போயிருக்கும்.

சிரிப்பு எங்கிருந்து வருது?

அதே காசில்லாமையிலிருந்துதான். 'பீசஸ்' படத்தின் கதை பாஸ்டனில் நடப்பதாகச் சொல்வார்கள், எடுத்தது பெரும்பாலும் மாட்ரிட்டில். முதல் காட்சி 1942 என்று போடுவார்கள், அந்த வீட்டில் பட்டன் அமுக்கும் டெலிபோன் இருக்கும். நடுவில் ஒரு குங்ஃபூ வாத்தியார் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கதாநாயகியைத் தாக்கிவிட்டு, சாப்பிட்டது ஒத்துக்கலை என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவார். கதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'கேர்ள்ஸ் நைட் அவுட்' என்ற இன்னொரு படத்தில் கல்லூரி அணியின் கரடி வேஷத்தை மாட்டிக்கொண்டு, நகத்துக்குப் பதில் கத்திகளைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் கொலை பண்ணுகிறார்.

இந்தச் சிரிப்பில் ஏளனம் மட்டும் இல்லை என்பது என் கட்சி. யாரோ சிலர் கையில் இருந்ததை வைத்து ராத்திரி ராத்திரியாக உழைத்து இதை முடித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும். ஒழுங்காக மறைக்கத் தெரியாததால் தெரியும். அதனால்தான் "வேணும்னே மொக்கையா எடுக்கிறோம்" என்று கண்ணடிக்கும் இந்தக் காலத்துப் படங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. இவர்கள் நிஜமாகவே பயமுறுத்த முயன்றார்கள். முயற்சி சீரியஸ், விளைவு காமெடி.

சிரிப்பு நிக்கிற இடம்

இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். கொலைகாரன் மாறுவான், ஆயுதம் மாறும். மாறாதது ஒன்று: யாரும் நம்பமாட்டார்கள்.

'ஃபைனல் எக்ஸாம்' படத்தில் பரீட்சை நேரத்தில் ஒரு தில்லுமுல்லுக்காக ஃப்ரெட்டர்னிட்டி பசங்கள் வளாகத்துக்குள் வேனில் வந்து துப்பாக்கிச்சூடு நாடகம் போடுகிறார்கள். பதறிப்போய் போலீசைக் கூப்பிடுகிறான் ஒரு மாணவன். வந்த ஷெரிஃப் கடுப்பாகிப் போகிறார். அன்று ராத்திரி நிஜமாகவே கொலை நடக்கும்போது அதே மாணவன் கூப்பிடுகிறான். இந்த முறை யாரும் வருவதில்லை. 'ஹெல் நைட்'டிலும் அதேதான். பேய் பங்களாவிலிருந்து தப்பி ஓடி ஸ்டேஷனுக்குப் போகிறவனை, இதுவும் சங்கத்துப் பசங்க வேலைதான் என்று விரட்டுகிறார்கள். அவன் அங்கிருந்தே ஒரு துப்பாக்கியைத் திருடிக்கொண்டு திரும்பி வருகிறான். 'சொராரிட்டி ரோ'வில் வார்டன் அம்மாவிடம் நடத்திய விளையாட்டே கொலையாகி, பெண்கள் பிணத்தை நீச்சல் குளத்தில் மறைத்துவிட்டு அதன் மேலேயே பார்ட்டி நடத்துகிறார்கள். 'தி டார்ம்' படத்தில் போலீஸ் வருகிறது. வந்து செய்வது ஒரே காரியம், அதுவும் தப்பு.

இதன் உச்சம் 'பிளாக் கிறிஸ்மஸ்'. ஒரு பெண்ணைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போகிறார்கள். டெஸ்க்கில் இருக்கும் சார்ஜென்ட், "எவனாவது பாய்ஃபிரெண்டோட இருப்பா" என்கிற தொனியில் அனுப்பிவிடுகிறார். ஆபாச ஃபோன் வருகிறது என்றால் பசங்க வேலை. காணாமல் போன பெண்ணின் அப்பா அவளைக் கூட்டிப்போக வந்து, அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் அந்த வீட்டு மாடிப் பரணில் ஜன்னல் ஓரமாக நாற்காலியில் பிணமாக இருக்கிறாள். படம் முடியும்வரை போலீஸ் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. இந்தக் காட்சியில் என்னால் சிரிக்க முடிந்ததே இல்லை.

இதை வெறும் திரைக்கதை வசதி என்று தள்ளிவிடலாம். ஆனால் காலத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ரொம்ப நாளாக மாணவர்களுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து கட்டுப்படுத்தின. 1961இல் அலபாமா வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்புக்குப் பிறகு அந்த அதிகாரம் கரையத் தொடங்கியது. 1971இல் வாக்குரிமை வயது 18 ஆனது. மாணவர்கள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். சுதந்திரம் வந்தது, நல்ல விஷயம். ஆனால் ராத்திரி கதவைப் பூட்டுவது யார் பொறுப்பு என்பதற்குப் பதில் வரவில்லை. 1978 ஜனவரியில் டெட் பண்டி ஃபுளோரிடாவில் ஒரு சொராரிட்டி வீட்டுக்குள் புகுந்து தூங்கிக்கொண்டிருந்த மாணவிகளைத் தாக்கி இருவரைக் கொன்றான். வளாகத்தில் நடக்கும் குற்றங்களைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட்டே ஆகணும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1990இல்தான் வந்தது. அதுவும் 1986இல் ஒரு மாணவி ஹாஸ்டல் அறையில் கொல்லப்பட்டு, அவளுடைய பெற்றோர் போராடிய பிறகு.

"கல்லூரிப் பெயர் கெட்டுடும், சத்தம் போடாதீங்க" என்று சொல்லும் டீன் இந்தப் படங்களில் அடிக்கடி வருவார். 'பீசஸ்'இல் வருகிறார். 1998இல் வந்த 'அர்பன் லெஜன்ட்'டிலும் வருகிறார். பெரிய ஸ்டூடியோக்கள் கல்லூரியைக் கொண்டாட்டமாகக் காட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்த மொக்கைப் படங்கள்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

எதிர்க்கட்சி சொல்வதும் நியாயம்தான்

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைக்க முடியாது. இதே படங்களில் கேமரா பெண்கள் உடை மாற்றுவதை எட்டிப் பார்க்கும், அடுத்த நிமிஷம் கத்தியோடு துரத்தும். 1980இலேயே விமர்சகர்கள் சிஸ்கெலும் ஈபர்ட்டும் தங்கள் டிவி நிகழ்ச்சியில் இதைக் கண்டித்துத் தனியாக ஒரு பகுதி செய்தார்கள். 1987இல் கேரல் குளோவர் எழுதிய கட்டுரை வேறு கோணம் காட்டியது. பார்க்கிறவர்களில் அதிகம் பேர் பையன்கள். ஆனால் கடைசியில் அவர்கள் சேர்ந்து நிற்பது தப்பிக்கப் போராடும் பெண்ணோடு. 'ஃபைனல் கேர்ள்' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது.

யார் சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேரும். ஒரே படத்தின் முதல் பாதிக்கு ஈபர்ட் சரி, கடைசி இருபது நிமிஷத்துக்கு குளோவர் சரி. கலப்படமான ஈர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான். பெண் சொல்வதை யாரும் நம்பவில்லை என்று வருத்தப்படும் அதே படம், அவளைக் குளியலறையில் ஒளிந்தும் பார்க்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கழிக்க முடியாது. நான் சில காட்சிகளை ஓட்டிவிடுகிறேன். ஓட்டும்போது அது ஏன் அங்கே இருக்கு என்பதும் தெரிந்தே ஓட்டுகிறேன்.

பிற்காலப் படங்கள் பளபளப்பானவை. 'ஸ்க்ரீம் 2' (1997) கல்லூரிக்குப் போனது, 'ஹேப்பி டெத் டே' (2017) சுமார் 48 லட்சம் டாலரில் எடுத்து 12 கோடியைத் தாண்டியது. இரண்டும் புத்திசாலிப் படங்கள், ரசித்தேன். ஆனால் அந்தக் காலி வராண்டா அவற்றில் இல்லை.

பார்க்க நினைத்தால்

முதலில் 'பிளாக் கிறிஸ்மஸ்', 1974 படம் மட்டும், ரீமேக்குகள் வேண்டாம். அது மொக்கையே இல்லை, நிஜமாகவே நல்ல படம். அடுத்து 'தி ஹவுஸ் ஆன் சொராரிட்டி ரோ', குற்ற உணர்ச்சிக்காக. அப்புறம் 'ஹெல் நைட்'. நண்பர்களோடு கூடிச் சிரிக்க 'பீசஸ்', ஆனால் அதில் ரத்தம் அதிகம், எச்சரிக்கை. 'ஃபைனல் எக்ஸாம்' ரொம்ப மெதுவாகப் போகும், முக்கால்வாசிப் படம் ஒன்றுமே நடக்காது. பொறுமை இருந்தால் பாருங்க. அந்தக் கொலைகாரனுக்குப் பெயர் கிடையாது, காரணமும் கிடையாது. கடைசிவரை யாரும் விளக்க மாட்டார்கள். எழுதத் தெரியாமல் விட்டார்களா, வேணும்னே விட்டார்களா என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கேன்.