வடிகட்டிக் குமிழி: கருத்தாக்கமும் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் ஒருவர் காண்பதை அவருடைய முந்தைய நடத்தையைக் கொண்டு தீர்மானிக்கும் தனிப்பயனாக்கம், அவரைத் தம்மை ஒத்த கருத்துகளுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது என்னும் கூற்று 'வடிகட்டிக் குமிழி' என்ற பெயரால் அறியப்படுகிறது. ஊடகம் குறித்த எழுத்துகளில் இது நிறுவப்பட்ட உண்மையாகவே எடுத்தாளப்படுவதுண்டு. கடந்த பத்தாண்டுகளில் வெளிவந்த முதன்மையான சில ஆய்வுகளைக் கொண்டு, இக்கூற்றுக்குச் சான்றுகள் எந்த அளவுக்குத் துணைநிற்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தனிப்பயனாக்கம், வடிகட்டிக் குமிழி, பரிந்துரை அல்காரிதம், செய்தியோடை, துருவமயமாதல்

முன்னுரை

2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துக் கடலில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் எலி பாரிசர் தம் நண்பர்கள் இருவரிடம் கூகுளில் 'பிபி' என்ற நிறுவனப் பெயரைத் தேடுமாறு கூறினார். ஒருவருக்கு அந்நிறுவனத்தில் முதலீடு செய்வது பற்றிய தகவல்களும் மற்றவருக்கு எண்ணெய்க்கசிவு பற்றிய செய்திகளும் கிடைத்தன. 2011இல் வெளிவந்த 'தி ஃபில்டர் பபிள்' என்னும் தம் நூலில் பாரிசர் இதனை எடுத்துக்காட்டாகக் காட்டினார். இருவரை மட்டும் கொண்ட ஒரு சோதனை ஆய்வாகாது. எனினும் அச்சம் தரும் ஒரு கருத்தை எளிதில் விளங்கவைக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. நூலின் பெயரே கலைச்சொல்லாகவும் நிலைபெற்றது.

இக்கருத்துக்கு முன்வரலாறு உண்டு. ஒவ்வொருவருக்கும் அவர் விருப்பத்திற்கேற்பத் தொகுக்கப்படும் தனி நாளிதழ் ஒன்றை நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டி 1995இல் ஒரு வசதியாகக் கற்பனை செய்தார். அதே கற்பனையைக் காஸ் சன்ஸ்டீன் 2001இல் மக்களாட்சிக்கு நேரக்கூடிய கேடாக நோக்கினார். 2009 டிசம்பர் 4 அன்று, கணக்கில் உள்நுழையாத பயனர்களுக்கும் தேடல் முடிவுகளைத் தனிப்பயனாக்கும் முறையைக் கூகுள் விரிவுபடுத்தியது. பாரிசரின் நூலுக்கு உடனடித் தூண்டுகோலாக அமைந்தது இம்மாற்றமே.

பரிந்துரையின் செயல்முறை

பரிந்துரை அல்காரிதங்களின் தொடக்ககால வடிவம் 'கூட்டு வடிகட்டல்' எனப்பட்டது. 1994இல் அறிமுகமான குரூப்லென்ஸ் என்னும் அமைப்பில், யூஸ்நெட் செய்திகளைப் படிப்பவர்கள் ஒவ்வொரு செய்திக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கினர். ஒத்த மதிப்பெண்களை வழங்கிய வாசகர்களை அமைப்பு இனங்கண்டு, ஒருவர் விரும்பியதை மற்றவருக்குக் காட்டியது. செய்தியின் பொருளை அது அறியவில்லை. அறியவேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இங்கு வாசகர் சிந்தித்து மதிப்பெண் அளித்தார் என்பது கருதத்தக்கது. பிற்கால அமைப்புகள் இந்த வெளிப்படையான மதிப்பீட்டிலிருந்து பெரிதும் விலகி, பயனரின் செயல்களையே மதிப்பீடாகக் கொள்ளத் தொடங்கின. யூடியூப் 2012இல் பார்வை எண்ணிக்கையை விடுத்துப் பார்க்கும் நேரத்தை முதன்மை அளவாக்கியது. அந்நிறுவனப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் நுட்பத்தை விளக்குகிறது. இலட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறு முதலில் பிரித்தெடுக்கப்படுகின்றன. பின்னர் அவற்றுள் ஒவ்வொன்றையும் பயனர் எவ்வளவு நேரம் பார்க்கக்கூடும் என்று கணித்து வரிசைப்படுத்தப்படுகிறது. திரையில் காட்டப்பட்டும் பயனர் தொடாமல் விட்ட காணொளி அடுத்த முறை கீழிறக்கப்படுகிறது. கண்டுகொள்ளாமல் விடுவதும் இவ்வாறு ஒரு விடையாகப் பதிவாகிறது.

ஒருவர் தாம் விரும்புவதாகக் கூறுவதும் அவர் விரல் நாடுவதும் எப்போதும் ஒன்றல்ல. நள்ளிரவில் ஒரு சண்டைக் காணொளியை இறுதிவரை பார்த்தவர் அதனை மதிப்புடையதாகக் கருதினார் என்று கொள்ள இயலாது. மேலும், இவ்வமைப்பு எந்தத் தரவிலிருந்து கற்கிறதோ அத்தரவு அதன் முந்தைய பரிந்துரைகளாலேயே பெரிதும் உருவானது. காட்டப்படாத ஒன்றை ஒருவர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் குறைவு. தேர்ந்தெடுக்கப்படாததால் அது மேலும் காட்டப்படுவதில்லை. பின்வரும் ஆய்வுகளை மதிப்பிடும்போது இச்சுழற்சியை நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

தேர்வு எவருடையது?

முகநூல் ஆய்வாளர்கள் மூவர் 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது. தம் அரசியல் சார்பைத் தாமே குறிப்பிட்டிருந்த 1 கோடியே 1 இலட்சம் அமெரிக்கப் பயனர்கள் அதில் ஆராயப்பட்டனர். மாற்றுத் தரப்புச் செய்திகளைக் காணும் வாய்ப்பைச் செய்தியோடையின் வரிசைப்படுத்தல் பழமைவாதிகளுக்கு 5 விழுக்காடும் தாராளவாதிகளுக்கு 8 விழுக்காடும் குறைத்தது. கண்முன் வந்தவற்றுள் எதனைச் சொடுக்குவது என்னும் பயனரின் தேர்வோ அவ்வாய்ப்பை முறையே 17, 6 விழுக்காடு குறைத்தது. இதிலிருந்து, அல்காரிதத்தைவிடத் தனிமனிதத் தேர்வே வலிமையானது என்று அக்கட்டுரை முடிவு கூறியது.

எண்களை நோக்கினால் இம்முடிவு பழமைவாதிகளுக்கே பொருந்துகிறது. தாராளவாதிகளிடத்தில் அல்காரிதத்தின் விளைவே கூடுதலாக உள்ளது. அன்றியும், ஓடையில் மேலே உள்ள இணைப்புகள் மிகுதியாகச் சொடுக்கப்படுகின்றன என்பதை அதே கட்டுரை பதிவு செய்கிறது. மேலே இருப்பது எது என்பதை முடிவு செய்வது அல்காரிதம். அவ்வாறாயின் சொடுக்குதலை மட்டும் தூய தனிமனிதத் தேர்வெனத் தனித்துப் பிரித்துக் காட்டுவது ஐயத்திற்குரியது.

காண்பது மாறினால் மனம் மாறுமா என்பது வேறு வினா. முகநூல் 2012 சனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனர்களின் செய்தியோடையில் மகிழ்ச்சி அல்லது துயரம் சார்ந்த பதிவுகளைக் குறைத்துக் காட்டியது. மகிழ்ச்சிப் பதிவுகள் குறைந்தவர்கள் எழுதியவற்றில் மகிழ்ச்சிச் சொற்களும் குறைந்தன. விளைவின் அளவு மிகச் சிறிது. ஆனால் தாம் சோதனைக்கு உள்ளாவதைப் பயனர்கள் அறியவில்லை. 2014இல் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே பின்னர் அதுகுறித்துக் கவலைக் குறிப்பு வெளியிட நேர்ந்தது.

2020 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெட்டா நிறுவனத்துடன் இணைந்து நடத்திய ஆய்வுகள் 2023இல் வெளிவந்தன. ஒன்றில், பயனர்கள் சிலருக்கு அல்காரிதம் நீக்கப்பட்டு, பதிவுகள் கால வரிசையில் மூன்று மாதங்கள் காட்டப்பட்டன. அவர்கள் அத்தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் நம்பகமற்ற மூலங்களிலிருந்து வந்தவை கூடின. துருவமயமாதலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மற்றொன்றில் 23,377 பயனர்களுக்கு ஒத்த கருத்துடைய மூலங்களின் பதிவுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டன. அவர்களின் மனப்பாங்கிலும் அளவிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

குமிழிக் கருத்தாக்கத்திற்கு இவை வலுவான மறுப்பாகத் தோன்றும். ஆயினும் 2024இல் 'சயின்ஸ்' இதழிலேயே வெளிவந்த ஒரு குறிப்பு, ஆய்வு நடந்த காலத்தில் நம்பகமற்ற செய்திகளைக் குறைக்கும் அவசர மாற்றங்களை அந்நிறுவனம் தன் அல்காரிதத்தில் செய்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. அங்ஙனமெனில் கால வரிசையோடு ஒப்பிடப்பட்டது வழக்கமான அல்காரிதம் அன்று. பல்லாண்டுகளாக உருவான அரசியல் சார்பு மூன்று மாதங்களில் மாறாமையைக் கொண்டு, அச்சார்பு உருவாவதில் அல்காரிதத்திற்குப் பங்கில்லை எனவும் துணிய முடியாது.

தமிழ்ச் சூழலுக்குப் பொருத்துதல்

மேற்கண்ட ஆய்வுகளில் அரசியல் சார்பை அளந்தவை யாவும் அமெரிக்க இருகட்சி அளவுகோலைக் கொண்டவை. சாதி, மொழி, கட்சி, திரைநாயகப் பற்று எனப் பல அச்சுகளில் இயங்கும் தமிழகப் பயனரை அவ்வளவுகோலில் நிறுத்துவது பொருந்தாது. மற்றொரு குழப்பமும் களையப்பட வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் பொய்ச்செய்திகளை வடிகட்டிக் குமிழிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது பிழை. அக்குழுக்களில் செய்திகள் வந்த வரிசையிலேயே தோன்றுகின்றன. அவற்றைத் தேர்ந்து அனுப்புபவர் உறவினரோ நண்பரோ ஆவார். 'எதிரொலி அறை' என்னும் கலைச்சொல்லே அதற்கு ஓரளவு பொருந்தும். யூடியூப் பரிந்துரைகளுக்கும் குடும்பக் குழுவின் பகிர்வுகளுக்கும் ஒரே சொல்லை வழங்கினால், ஆராயப்பட வேண்டிய காரணமே மறைந்துவிடுகிறது.

தரவை அணுகுவதே இவ்வாய்வுகளுக்கான முதன்மைத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணிமச் சேவைகள் சட்டம், 4.5 கோடிக்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பயனர்களையுடைய தளங்கள் தனிவிவரத்தைச் சாராத பரிந்துரை முறை ஒன்றையேனும் வழங்க வேண்டும் என்கிறது (பிரிவு 38); ஏற்பளிக்கப்பட்ட ஆய்வாளர்களுக்குத் தரவை அளிக்கவும் அத்தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது (பிரிவு 40). இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தடை விதிக்கிறது. தளங்களின் பரிந்துரைத் தரவை ஆய்வாளர் கேட்டுப் பெறுவதற்கான பிரிவு எதுவும் அதில் இல்லை. பயனர்களின் இசைவோடு அவர்களுடைய திரையில் தோன்றுவனவற்றை நாள்தோறும் பதிந்து ஒப்பிடுவதே தமிழக ஆய்வாளர் ஒருவருக்கு இன்று கைக்கெட்டும் முறையாக உள்ளது.