மாதவிடாய் நிற்கும் வயதில் எகிறும் பிரஷர்... உப்பளப் பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் உள்ள கடலோர கிராமம் மாரியூர். இங்கும் பக்கத்து வாலிநோக்கத்திலும் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் உள்ளன. உச்சி வெயிலில் உப்பளத்தில் நிற்பவர்களுக்கு வியர்வையும் தலைசுற்றலும் புதிதல்ல. சிக்கலே அங்குதான். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு திடீரென உடம்பு கொதித்து, நெஞ்சு படபடத்தால் "வெயில்தான் காரணம்" என்பார்கள். இல்லையென்றால் "மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அதே நேரத்தில் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம்.

என்ன தொடர்பு?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலானோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உதவுகிறது. அது குறையும்போது குழாய்கள் விறைப்பாகின்றன. முன்பு சாப்பிட்ட அதே அளவு உப்புக்கே பிரஷர் கூடுதலாக ஏறலாம்.

கூடவே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரையும், கெட்ட கொழுப்பும் உயரலாம். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ-க்கு மேல் போனால் பெண்கள் உஷாராக வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்தாலே பிரஷர் வருமா?

உப்பைக் கையால் அள்ளுவதால் வராது. சாப்பாட்டில் சேரும் உப்புதான் கணக்கு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாமே இதில் அடக்கம். கருவாட்டை நன்றாக ஊறவைத்து அலசி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் சமைக்கலாம். பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறுவதாக இருந்தால், சிறுநீரக பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மாறக் கூடாது.

அறிகுறியை நம்பலாமா?

கூடாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்னை உள்ளது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். கர்ப்ப காலத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

* ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதித்து, மாத்திரையும் தருகிறார்கள்.
* "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.
* பிரஷருக்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். வெயிலில் வேலை செய்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.
* முகம் ஒரு பக்கம் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி என எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உடம்பு கொதிப்பது வெயிலாலா, வயதாலா, பிரஷராலா என்று வீட்டில் உட்கார்ந்து யூகிக்க முடியாது. கையில் பட்டை கட்டி அளந்தால் பிரஷர் எவ்வளவு என்பது 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.