சுவர்கள் மீண்டன, சுவடிகள்?

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் செல்வோரை வாயிலில் சரசுவதியின் சிலை எதிர்கொள்ளும். அதே வளவில் வேறொரு சிலையும் உண்டு. அது நீண்ட அங்கி அணிந்த கத்தோலிக்கக் குரு ஒருவருடையது. கலைமகளின் கோட்டத்தில் குருவானவருக்கு என்ன வேலை என்று வெளியூரார் வியக்கலாம். இவ்வூர் முதியோர் வியப்பதில்லை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அயர்லாந்து நாட்டவராகிய லோங் அடிகளார் இல்லையேல், அந்த வெண்ணிற மாளிகை அவ்வடிவில் எழுந்திராது என்பதை அவர்கள் அறிவார்கள்.

நூலகத்தின் தொடக்கமோ மிக எளியது. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்த நூல்களை அயலவருக்கு இரவலாகக் கொடுத்து வந்தார். அடுத்த ஆண்டிலேயே நகரப் பெரியோர் சிலர் குழுவாகக் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு அமர்த்தினர். அன்று அங்கிருந்தவை 844 நூல்களும் சில பத்திரிகைகளுமே. பின்னர் நகராட்சி மன்றம் அதனைப் பொறுப்பேற்றது.

அறை போதாமற்போன காலத்தில், 1952ஆம் ஆண்டு, மேயர் சாம் சபாபதியின் முயற்சியால் ஒரு குழு அமைந்தது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக 1936 முதல் விளங்கிய லோங் அடிகளார் அக்குழுவில் முன்னின்றார். பணம் திரட்டுவதோடு அவர் அமையவில்லை. நூலகம் என்பது புத்தகம் அடுக்கும் களஞ்சியமன்று, அதற்கென ஒரு கலையுண்டு என்பதை உணர்ந்து, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரங்கநாதனின் ஆலோசனையை நாடினார். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரவழைக்கப்பட்டுத் திராவிட மரபைத் தழுவிய வரைபடம் தயாரானது. கையில் இருந்த பணத்துக்கு அந்த வரைபடம் பெரிது. ஆகவே கட்டக் கட்டமாகவே வேலை நடந்தது. முதற்பகுதியை 1959 அக்டோபர் 11ஆம் நாள் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். சிறுவர் பகுதி 1967இல் சேர்ந்தது. சைவரும் கிறிஸ்தவரும் தம் வீட்டு நூல்களை அங்குக் கொணர்ந்து சேர்த்தனர். ஐசக் தம்பையா, முதலியார் இராசநாயகம் போன்ற அறிஞர்களின் சேகரிப்புகளும் பனையோலைச் சுவடிகளும் அங்கே அடைக்கலம் புகுந்தன. 1981இல் நூல்களின் தொகை ஏறத்தாழ 97,000.

அந்த ஆண்டின் மே மாதம் முடிந்து யூன் பிறந்த அந்நாள்களில், மாவட்ட சபைத் தேர்தலை முன்னிட்டு யாழ்நகருக்கு அனுப்பப்பட்டிருந்த காவலரும் அவரோடு சேர்ந்த குண்டரும் நகரில் வெறியாட்டம் ஆடினர். நூலகத்துக்கும் தீ வைக்கப்பட்டது. புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்டவர்களுள் தாவீது அடிகளும் ஒருவர். பன்மொழிப் புலவர், தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து அகராதி இயற்றியவர். பார்த்த அதிர்ச்சியில் அவர் இதயம் நின்றது. ஒரு நூலகத்தைக் கட்ட ஒரு குருவானவர் ஓடியாடினார். அதே நூலகம் எரியக் கண்டு இன்னொருவர் உயிர் நீத்தார். நம் திருச்சபை வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1982இல் நூலக வாரம் நடத்தி வீடுவீடாக ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினர். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜாவின் மேற்பார்வையில் திருத்த வேலை நடந்து, 1984இல் வாசகர் மீண்டும் நுழைந்தனர். ஆனால் நூலகத்துக்கு அண்மையில் கோட்டை, கோட்டைக்குள் படையினர். 1985இல் மீண்டும் குண்டுகள் வெடித்து, அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களும் சிதறின. பல ஆண்டுகள் அந்த வளவு குண்டு துளைத்த சுவர்களோடும் கரிப்பிடித்த கூரையோடும் ஆளரவமற்றுக் கிடந்தது.

1998இல் அரசாங்கம் நாடெங்கும் புத்தகமும் செங்கல்லும் திரட்டும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நரசிம்மனின் பழைய வடிவத்தையே பின்பற்றி மாளிகை மீண்டும் எழுந்தது. 2003 பெப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டபோதுதான் பெரும் பிணக்கு மூண்டது. புலிகள் எதிர்த்தனர், மாநகர சபை உறுப்பினர் 23 பேரும் பதவி துறந்தனர். எரித்த குற்றத்தை வெள்ளைப்பூச்சால் மறைக்கப் பார்க்கின்றனர் என்றனர் சிலர். மேயர் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். கல்வெட்டில் அவர் பெயர் வருவதைப் பொறாமலே விழா தடுக்கப்பட்டது என்றனர் வேறு சிலர். இரண்டாவது கூற்று உண்மையாயின், தீ வைத்தவரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. முடிவில் விழாவின்றியே கதவுகள் திறந்தன.

பழுதுற்றதைப் புதுப்பிப்பதிலே நமக்கு வேறுபாடில்லை. படிக்க இடமின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் போய், எரிந்த சுவர் நினைவுச் சின்னமாக நிற்கட்டும், நீ பொறுத்திரு என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆயினும் ஒரு தூணையோ ஒரு சாளரத்தையோ கரியோடு விட்டிருக்கலாம். இன்று அங்குச் செல்லும் சிறுவனுக்கு அது என்றும் வெண்மையாகவே இருந்த கட்டடமாகத் தோன்றுகின்றது.

2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்நூலகத்தின் மேம்பாட்டுக்கென 100 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மகிழ்ச்சியே. கட்டடம் பெருகட்டும், கணினிகளும் வரட்டும். ஆனால் அச்சு நூலுக்கு வேறு பிரதிகள் எங்கேனும் கிடைக்கும். கையெழுத்துச் சுவடிக்குப் பிரதி எடுத்து வைத்தாலன்றிக் கிடையாது. 1981இல் நாம் இழந்தவற்றுள் மீளாதவை இவையே. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்கள்தாம் 2005 முதல் நூலகம் என்னும் பெயராலேயே இணையத்தில் ஈழத்து ஏடுகளைப் படியெடுத்துப் பாதுகாத்து வருகின்றனர். தீ எட்டாத அந்த விரிவாக்கத்துக்குக் கல்லும் மண்ணும் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெட்டகங்கள் திறந்தாற் போதும்.

அப்பெட்டகங்களில் என்ன இருக்கின்றன என்று கேட்கலாம். பாசையூர், குருநகர் போன்ற ஊர்களில் அண்ணாவிமார் கையால் எழுதி ஆட்டுவித்த புனிதர் கூத்துகளின் கொப்பிகள் இருக்கலாம். பங்கின் பழைய ஜுபிலி மலர், பாட்டனார் எழுதிய ஒப்பாரிப் பாட்டு, கோயிற் கட்டட நிதிக் கணக்கு இருக்கலாம். இவற்றுட் பல உலகத்தில் ஒரே பிரதியாக, கறையான் அரிக்கும் மரப்பெட்டியில் கிடக்கின்றன. படமெடுப்பதற்காக ஏட்டை எவரிடமும் கைவிட வேண்டியதில்லை. அண்ணாவியார் குடும்பத்தில் முதியவர் ஒருவர் உயிரோடிருக்கும்போதே கொப்பியை விரித்துவைத்து, எந்தப் பாட்டு எந்த மெட்டு என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டால், மெட்டும் அவரோடு போய்விடாது.