வராத விமானமும் வரவேண்டிய பணமும்

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆயினும் விமானத்தில் ஏறிப் போகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள், ஏல வியாபாரத்துக்காக வடக்கே போய் வருபவர்கள், பிள்ளைகளைத் தொலைதூரத்தில் படிக்க வைத்திருப்பவர்கள் எனப் பலர். இவர்களுக்கெல்லாம் அருகிலுள்ள நிலையம் மதுரை. தேனியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. கம்பத்துக்காரருக்கு அதனோடு இன்னும் நாற்பது. சிலர் குமுளி மலையேறிக் கொச்சிக்குப் போவதும் உண்டு. காலை விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் நள்ளிரவுக்குப் பின் வாடகைக் காரில் புறப்பட்டாக வேண்டும்.

இப்படிப் போனவரிடம், “இன்றைக்கு விமானம் இல்லை” என்று சொன்னால் என்ன செய்வது? மதுரை நகரவாசி வீட்டுக்குத் திரும்பிக் காப்பி சாப்பிடலாம். கூடலூர்க்காரர் எங்கே போவார்? அவருக்கு ஒரு நாள் மட்டுமா நஷ்டம்? சில சமயம் வேலையே போய்விடும். ஆகவே, விமானம் தாமதமானாலும் ரத்தானாலும் பிரயாணிக்குச் சட்டம் என்ன தருகிறது, அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கென விதிகள் உள்ளன. டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டில் இவற்றை வகுத்தது. தொகைகளை 2016-இல் உயர்த்தியது. இவ்விதிகள் ரத்து என்பதை ஒரு விதமாகவும், தாமதம் என்பதை வேறு விதமாகவும் பார்க்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர்களில் பலர் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல் கிடைக்காததற்காகச் சண்டை போடுகிறார்கள்.

முதலில் ரத்தைப் பார்ப்போம். விமானம் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டால், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கிடைக்கும். நஷ்ட ஈடு கிடையாது. இரண்டு வாரத்துக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்னதாகத் தெரிவித்தாலும் ஏறக்குறைய அப்படியே. இவ்வாறு உரிய காலத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், பிரயாணி ஏற்றுக்கொள்ளத்தக்க மாற்று விமானத்தைக் கம்பெனி தரவேண்டும். இல்லையேல் முழுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு நஷ்ட ஈடும் தரவேண்டும். “பிரயாணி ஏற்றுக்கொள்ளத்தக்க” என்ற சொற்களைக் கவனியுங்கள். மறுநாள் மாலை விமானத்தில் இடம் தருகிறோம் என்று கவுண்டரில் சொல்கிறார்கள். களைப்பில் நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம். தலையாட்டிய கணமே நஷ்ட ஈட்டுக்கான உரிமையும் போய்விடும். அந்த விமானம் நமக்கு உண்மையாகவே பயன்படுமா என்று யோசித்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

தொகை எவ்வளவு? பறக்கும் நேரம் 1 மணிக்குள் என்றால் 5,000 ரூபாய். 1 முதல் 2 மணி வரை 7,500. அதற்கு மேல் 10,000. இதைப் படித்துவிட்டு மகிழ்ச்சியடையும் முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இத்தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒருவர் 4,200 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் வரிகளும் நிலையக் கட்டணங்களும் போக அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் 3,100. பறக்கும் நேரம் ஒரு மணிக்கு மேல். ஆகவே உச்ச வரம்பு 7,500. அவருக்குக் கிடைப்பது 7,500 அன்று, 3,100. டிக்கெட் பணம் 4,200 தனியே திரும்பி வரும். சின்னமனூரிலிருந்து நடுநிசியில் வந்த காருக்கு அவர் கொடுத்த வாடகை இக்கணக்கில் எங்குமே இல்லை. விதியை எழுதியவர்கள் பிரயாணம் விமான நிலைய வாசலில் தொடங்குவதாக நினைத்துவிட்டார்கள் போலும்! இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. டிக்கெட் வாங்கும்போது தன்னைத் தொடர்பு கொள்ளும் விவரத்தைச் சரியாகத் தராத பிரயாணிக்கு நஷ்ட ஈடு இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலோர் டிராவல்ஸ் கடையில்தான் டிக்கெட் எடுக்கிறோம். கடைக்காரர் அவசரத்தில் தம்முடைய கைபேசி எண்ணையே பதிந்துவிடுவார். ரத்துச் செய்தி இரவு 11 மணிக்கு அவருக்குப் போகும், அவர் உறங்கிக்கொண்டிருப்பார், நாம் உசிலம்பட்டி தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். “உங்கள் எண்ணுக்குத் தெரிவித்துவிட்டோம்” என்று கம்பெனி சொல்லும்போது நம்மிடம் பதில் இராது. பிரயாணியின் சொந்த எண்ணையே பதியச் சொல்லுங்கள். டிக்கெட்டைக் கடையில் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனியைச் சேர்ந்ததே என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனியின் கட்டுக்கு அடங்காத காரணங்களால் ரத்தானால் நஷ்ட ஈடு இல்லை. வெள்ளம், புயல், கலவரம், வேலைநிறுத்தம், அரசாங்க உத்தரவு முதலியவை இதில் சேரும். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கொச்சி நிலையம் வெள்ளத்தால் மூடிக் கிடந்தது. அப்போது கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எல்லாக் காரணமும் இத்தகையது ஆகிவிடாது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் ரத்தானதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரவேண்டும் என்ற விதியின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருந்தது. அதற்குத் தக்கபடி ஆட்களைத் திட்டமிடாததே குழப்பத்தின் வேர். அந்தக் கம்பெனியும் விதிப்படி 5,000 முதல் 10,000 வரை நஷ்ட ஈடு தருவதாக அறிவித்தது. மிகவும் அவதிப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய்ப் பயணக் கூப்பன் தனி. 2026 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. 22 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. அபராதம் அரசாங்கத்துக்குப் போவது. பிரயாணியின் பைக்கு வருவதன்று. அவர் தம் பணத்தைத் தாமே கேட்டுத்தான் பெறவேண்டும்.

இனித் தாமதம். நம் விதிகளில் தாமதத்துக்கு ரொக்க நஷ்ட ஈடு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் இயற்றிய சட்டம் தூரத்துக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ என வகுத்திருக்கிறது. மூன்று மணி தாமதத்துக்கும் அது பொருந்தும் என்று 2009-இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்குக் கிடைப்பது பராமரிப்பு மட்டுமே. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பிரயாணமானால், இரண்டு மணித் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். ஆறு மணிக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கலாம். 24 மணிக்கு மேல் தாமதமானால் தங்க ஓட்டல் அறை தரவேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதமானாலும் அப்படியே.

2007 டிசம்பரில் டெல்லியில் மூடுபனியால் தாமதமான விமானத்தில் ஐதராபாத் செல்லவேண்டிய ஒருவர் பல மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011-இல் நீதிமன்றம் சொன்னது இது: மூடுபனிக்குக் கம்பெனி பொறுப்பன்று, ஆயினும் தாமதம் எதனால் நேர்ந்தாலும், காத்திருக்கும் பிரயாணிகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளைச் செய்து தருவது கம்பெனியின் கடமை. அந்த வழக்கில் உணவும் நீரும் கொடுத்திருந்தபடியால் நஷ்ட ஈடு தள்ளுபடியாயிற்று. அவ்வழக்கில் நமக்குப் பயன்படும் வேறொரு செய்தியும் உண்டு. டெல்லி நீதிமன்றங்களில்தான் வழக்காட வேண்டும் என்று டிக்கெட்டில் கம்பெனி போட்டிருந்த நிபந்தனை, ஐதராபாத்தில் நியாயம் கேட்பதற்குத் தடையாகவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். மதுரையிலிருந்து மும்பைக்கு ஒரு கம்பெனியில் டிக்கெட். மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு கம்பெனியில் டிக்கெட். தனித்தனியே வாங்கினால் சற்று மலிவு என்று எண்ணினார். முதல் விமானம் முன்னறிவிப்பின்றி ரத்து. இரண்டாவது அவரை விட்டுவிட்டே பறந்துவிட்டது. மாற்று விமானத்தை அவர் ஏற்கவில்லை. முதல் கம்பெனி கட்டணத்தையும் விதிப்படியான தொகையையும் கொடுத்தது. பல மடங்கு விலையுள்ள இரண்டாவது டிக்கெட்டுக்கு ஒன்றும் இல்லை என்றது. ஏனெனில் ஒரே டிக்கெட் எண்ணில் பதிந்த தொடர் விமானத்தைத்தான் அவ்விதி காக்கிறது. வெளிநாடு செல்பவர்கள் தொடர் பிரயாணம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பது நலம். அப்படி எடுத்தால் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையும் துணைக்கு வரும். இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. தாமதத்தால் நேர்ந்த உண்மையான நஷ்டத்தை அதன்கீழ் ஒரு வரம்புக்குள் கேட்கலாம். நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்ததாக நிரூபித்தால்தான் கம்பெனி தப்ப முடியும்.

இரண்டாவது டிக்கெட்டுக்காக அந்த மாணவர் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்திருக்கிறார். விசாரணை நடந்து வருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மனுதாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கம்பெனியின் தலைமையலுவலகம் எங்கிருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். அதற்கு முன்னால் கம்பெனிக்கு எழுதுவதும், மத்திய அரசின் ‘ஏர் சேவா’வில் புகார் பதிவதும், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுவதும் எளிய படிகள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

ரயிலில் போய்ச் சென்னையில் விமானம் ஏறுபவர்களுக்கும் ஒரு சொல். போடிநாயக்கனூருக்கு 2023-இல் மறுபடி ரயில் வந்துவிட்டபின் இவர்கள் தொகை கூடியிருக்கிறது. ரயில் நாலு மணி தாமதமானதால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட ஒருவருக்கு 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வேயால் காட்ட முடியவில்லை.

எந்த மனுவுக்கும் உயிர் காகிதம். ரத்து அல்லது தாமதம் என்பதையும் அதன் காரணத்தையும் கவுண்டரில் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி கைபேசியில் படம் பிடியுங்கள். டிக்கெட், குறுஞ்செய்தி, சாப்பாட்டுப் பில், லாட்ஜ் பில் எதையும் எறிய வேண்டாம். கார் வாடகைக்கு டிரைவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று வாங்குங்கள். விதியில் அதற்கு இடமில்லாவிட்டாலும் ஆணையத்தில் அதை நஷ்டமாகக் காட்டிக் கேட்கலாம். இயந்திரத்தில் அச்சாகி வரும் ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறுந்தாளாகிவிடும். ஊர் திரும்பியதும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.