வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று பெற்றோர் சொன்னால்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நான்காம் வகுப்பில் படித்த தன் மகளுடன் வந்தார். “டீச்சர், இனிமே பாப்பாவை வீட்லயே வச்சு நாங்களே சொல்லிக் குடுத்துக்கிறோம். டி.சி. வேணும்” என்றார். நான் காரணம் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்றேன். சற்று நேரத்தில் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தது. எமிஸில் அந்தக் குழந்தையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுமி திரும்பி வந்தாள். அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து பழகியதால் மனக்கணக்கில் வகுப்பையே மிஞ்சினாள். தமிழ் சரளமாக வாசித்தாள். ஆனால் அரைப் பக்கம் தொடர்ந்து எழுத வரவில்லை. பின்னம் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஏன் பள்ளியை விட்டாய் என்று அப்போதுதான் கேட்டேன். “சத்தமா வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க டீச்சர்” என்றாள். அது என் வகுப்பில் நான் சரிசெய்திருக்க வேண்டிய விஷயம்.

இப்படிக் கேட்டு வரும் பெற்றோருக்கு நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து பகிர்கிறேன்.

முதலில் காரணம்

கேலி, அடி, பயணத் தொலைவு, உடல்நலம், பாடம் புரியாமை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். குழந்தையிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் பேசுவோம். பள்ளியிலேயே தீர்க்கக்கூடியதாக இருந்தால் ஒரு மாதம் அவகாசம் கேட்போம்.

சட்டம் சொல்வது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10. மீறினால் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை; வீட்டுவழிக் கல்வியைத் தனி ஏற்பாடாக அங்கீகரிக்கவும் இல்லை. எனவே பெற்றோரை மிரட்டவும் வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதி கூறவும் வேண்டாம். நிலைமையை உள்ளபடி சொல்வோம்.

கடுமையான மாற்றுத்திறன் அல்லது பல்வகை மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளின் நிலை வேறு. 2012இல் வந்த திருத்தத்தின்படி வீட்டிலிருந்தே கல்வி பெறுவது அவர்களது உரிமை. இவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் தேவையில்லை. பெயர் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கட்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் உடனே தெரிவிப்போம்.

தேர்வுக்கான வழி

பெற்றோர் பெரும்பாலும் யோசிக்காதது இதுதான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மற்றொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், தமிழிலும் எழுதலாம், ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கும். எந்த வழியில் போனாலும், பின்னால் சேர விரும்பும் படிப்புக்கும் வேலைக்கும் அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வோம்.

வீட்டில் தொடங்கும்போது

முதல் மாதம் பள்ளி நேர அட்டவணையை வீட்டில் நகலெடுக்க வேண்டியதில்லை. தொடக்க வகுப்புக் குழந்தைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் போதும் என்பது என் கருத்து. அதில் வாசிப்பும் எழுத்தும் ஒரு நாளும் விடுபடக் கூடாது. கடைக்கணக்கு, அளவை, சமையல் எல்லாம் கணக்குப் பாடம்தான். ஆனால் வாயால் சொன்னதைத் தாளிலும் எழுத வேண்டும். அந்தச் சிறுமிக்கு விடுபட்டது அதுதான்.

வகுப்புக்குரிய கற்றல் விளைவுகளின் பட்டியலைப் பெற்றோரிடம் கொடுப்போம். பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். விரைவுக் குறியீடுகளில் காணொளிகளும் உண்டு. தேதியிட்ட குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். நூலக உறுப்பினர் அட்டை வாங்கட்டும். மாலையில் மற்ற பிள்ளைகளோடு விளையாட விடட்டும். சொல்லிக்கொடுப்பவர் யார், அவருக்கு அன்றாடம் அதற்கு நேரம் இருக்கிறதா என்பதையும் கேட்போம். இதற்குப் பதில் இல்லையென்றால் குழந்தை வீட்டில் இருக்கும், கல்வி இருக்காது.

திரும்பி வரும்போது

பருவத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்போம். குழந்தை திரும்பி வந்தால் பிரிவு 4இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் தாமதம், கல்வியாண்டு பாதி முடிந்துவிட்டது என்று எதைக் காட்டியும் மறுக்க முடியாது.

அந்தச் சிறுமியை ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். மனக்கணக்கில் மற்றவர்களுக்கு அவள் உதவினாள். எழுத்தில் அவர்கள் அவளுக்கு உதவினார்கள். சத்தமாக வாசிப்பதை முதலில் இருவர் இருவராகத் தொடங்கினோம். யாரும் சிரிக்கவில்லை. இதை நான்காம் வகுப்பிலேயே செய்திருக்கலாம்.

அடுத்த முறை ஒரு பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தால், படிவத்தை எடுக்கும் முன் ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவோம்.