முதல் கேமிங் கணினி: எது எதோடு சேரும்?

எஸ்.பி.எம். முடிந்து, சேர்த்து வைத்த ஆங்பாவ் பணத்தோடு லோயாட் பிளாசாவுக்குக் கிளம்பும் மாணவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்க. முதலில் செயலியை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான். ரைசன் 5 5600 என்றால் ஏஎம்4 தாய்ப்பலகை, டிடிஆர்4 ரேம். ரைசன் 5 7600 என்றால் ஏஎம்5, டிடிஆர்5 மட்டும்தான். இரண்டு ரேமுக்கும் 288 ஊசிகள். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீங்க, ஸ்லாட் உடைந்துவிடும். என் மாணவன் ஒருவன் கழிவு விலையில் கிடைத்ததென்று டிடிஆர்5 வாங்கி வந்து, கையில் 5600ஐ வைத்துக்கொண்டு விழித்தான். பெட்டியைப் பிரித்தாயிற்று, கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. இன்னொன்று, 5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைத் தாய்ப்பலகையில் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்க.