அம்மாவின் வயிற்றுக்கும் வயதாகிறது

கடந்த குளிர்காலத்தில் ஊரிலிருந்து அம்மா லொங்குய்ய்க்கு வந்திருந்தார். மொன்றியலுக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஊர். குளிரில் மூட்டுவலி கூடியது. பெட்டியில் கொண்டுவந்த வலி மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொண்டார். "பத்து வருஷமா இதைத்தானே போடுறேன், சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன், என்ன ஆகப்போவுது?" என்றார். நானும் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகக் குறைவு. இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. ஆனால் வயிற்றுவலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதே மாத்திரைதான். பத்து வருஷம் தாங்கிய வயிறு இப்போது ஏன் தாங்கவில்லை?

அல்சர் என்றால் கவலை, காரம், கிருமி என்றுதான் பேசுகிறோம். கவலைக்கும் அல்சருக்கும் முடிச்சுப் போட்டதில் மொன்றியலுக்கும் பங்குண்டு. இங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே, கடும் நெருக்கடிக்கு ஆளான எலிகளின் இரைப்பையில் புண் வருவதை 1936இல் எழுதினார். 1980களில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் கிருமியைக் காட்டினார்கள். வயதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அமிலத்தில் நனையும் இரைப்பையின் உட்சுவர், தன் மேல்பரப்புச் செல்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. 'பெருகு, நகர்ந்து போய்ப் புண்ணை மூடு' என்று செல்லுக்குச் சொல்பவை வளர்ச்சிக் காரணிகள். அவற்றில் ஒன்றான இ.ஜி.எஃப். நம் எச்சிலிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு, ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் சேர்த்து 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயதானால் இந்தச் சமிக்ஞை குறைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதிப் மஜும்தார் குழு எலிகளில் பார்த்தது வேறு. கிழட்டு எலிகளின் இரைப்பையில், புண் இல்லாதபோதே இ.ஜி.எஃப். ஏற்பியின் செயல்பாடு கூடுதலாக இருந்தது. ஆனால் காயம் பட்டதும் இளம் எலிகளில் வரும் வேகம் இவற்றில் வரவில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், நாள் முழுக்க அலாரம் அடிக்கும் சர்வர் அது. நிஜமாகவே பிரச்சினை வரும்போது யாரும் எழுந்து ஓடுவதில்லை.

2007இல் கலிபோர்னியாவின் டார்னாவ்ஸ்கி குழு இன்னொன்றைக் காட்டியது. வயதான எலிகளின் இரைப்பையில் செல் பிழைப்பதற்குத் தடைபோடும் பி-டென் புரதம் கூடியிருந்தது. செல்லைக் காக்கும் சர்வைவின் குறைந்திருந்தது.

இந்த நிலையில்தான் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உள்ளே போகின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். இரைப்பைக்குக் கவசமான சளிப்படலத்தைக் காப்பது அந்த புரோஸ்டாகிளாண்டின்தான். வயதானவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவு. கவசமும் போய், பழுதுபார்க்கும் வேலையும் மந்தமானால் புண் எப்படி ஆறும்? இந்தப் பாதிப்பு ரத்தத்தின் வழியாகவும் வருவதால், சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் ஊசியாகப் போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் நாம், வீடியோ காலில் "வலிச்சா ஒரு மாத்திரை போட்டுக்கம்மா" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மெடிக்கல் ஷாப்பிலும் சீட்டு இல்லாமலே கிடைத்துவிடுகிறது. இனி "சாப்டீங்களா?" என்பதோடு "என்ன மாத்திரை போடுறீங்க, அட்டையைக் காட்டுங்க" என்றும் கேட்போம். பாராசிட்டமால் போதுமா, வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்க்க வேண்டுமா, கிருமிப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்வோம். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் களைப்பு, மூச்சு வாங்கல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. வயதான வயிறு பல நேரம் வலித்துச் சொல்வதில்லை.